ஒட்டுப்போட்ட செம்புப் பாத்திரம்

சரித்திரம் என்பது எழுதப்பட்ட ஏடுகளிலேயே குடியிருக்கிறது என்னும் எண்ணம் கற்றோரிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. அரசர்களின் சாசனங்களையும், வணிகக் கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்களையும், கப்பல் தலைவர்களின் நாட்குறிப்புகளையும் பிரமாணங்களாக ஏற்றுக்கொள்ளும் நாம், எழுத்தறியாத ஒரு மனிதன் தன் கையால் செய்து, தன் கையாலேயே பழுதுபார்த்து, தன் வாழ்நாளெல்லாம் பயன்படுத்திவிட்டுச் சென்ற பாத்திரத்தை மட்டும் வேடிக்கைப் பொருளாகக் கருதிக் கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம். இந்த வழக்கம் அறிவுக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது என்பதே என் உறுதியான அபிப்பிராயம். அதை நிலைநாட்டுவதற்கு இந்து மகாசமுத்திரத்தின் நடுவே, மரம் ஒன்றுகூட இல்லாத ஒரு மணல்திட்டில், பதினைந்து ஆண்டுகள் உயிரைக் காத்து நின்ற சிலர் விட்டுச்சென்ற பொருள்களையே சாட்சிகளாக அழைக்க விரும்புகிறேன்.

ஆளில்லாத் தீவில் அகப்பட்டுப் பிழைத்தவர் என்றவுடன் உலகத்தார் நினைவில் முதலில் எழுபவர் ஸ்காட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் செல்கிர்க். தாம் ஏறிவந்த கப்பல் கடற்பிரயாணத்துக்குத் தகுதியற்றுப்போயிற்று என்று அதன் தலைவரோடு வாதிட்டு, 1704-ல் சிலி நாட்டுக்கு மேற்கேயுள்ள ஹுவான் ஃபெர்னாந்தஸ் தீவுக்கூட்டத்தில் கரையேறிய அவர், 1709 பிப்ரவரியில் மீட்கப்படும்வரை நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே தனித்து வாழ்ந்தார். டேனியல் டீஃபோ 1719-ல் வெளியிட்ட ராபின்சன் குரூசோ நாவலுக்கு அவருடைய வரலாறு தூண்டுகோலாயிற்று என்று பலர் கருதுவதால், அவர் கைபட்ட பொருள்களுக்கெல்லாம் ஒரு மகிமை ஏற்பட்டது. அவருடைய கடற்பெட்டியும் அவர் பயன்படுத்திய கிண்ணமும் எடின்பரோ நகரின் தேசிய அருங்காட்சியகத்தில் பேணப்படுகின்றன. அவர் பிறந்த ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது. 1966-ல் சிலி அரசாங்கம் அந்தத் தீவுக்கூட்டத்தில் ஒன்றுக்கு ராபின்சன் குரூசோ என்றும், மற்றொன்றுக்கு அலெக்சாண்டர் செல்கிர்க் என்றும் பெயர் சூட்டியது. 2005-ல் அங்கே அகழ்ந்த ஆய்வாளர்களுக்கு, கடல் வரைபடத்தில் தூரம் அளக்கும் கவராயம் ஒன்றின் முனை என்று அவர்கள் கருதிய சின்னஞ்சிறு உலோகத் துண்டு கிடைத்தபோது, அந்தச் செய்தி உலகெங்கும் பரவியது. ஒரு மனிதனின் மனோதிடத்தை இவ்வாறு போற்றுவதில் குற்றம் இல்லை. ஆனால், அதைப்போல மும்மடங்குக்கும் மேற்பட்ட காலம், அதைவிடக் கொடிய இடத்தில், தம் விருப்பத்துக்கு முற்றிலும் மாறாகக் கிடந்து பிழைத்தவர்களை உலகம் எவ்வாறு நினைத்தது என்று கேட்கும்போதுதான் நம் நெஞ்சு கூசுகிறது.

மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 450 கிலோமீட்டர் தொலைவில் திரோம்லான் என்றொரு தீவு இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடலோடிகள் அதை மணல் தீவு என்றே அழைத்தார்கள். அதன் பரப்பு சுமார் 1 சதுர கிலோமீட்டர். அதன் மிக உயர்ந்த மேடும் கடல்மட்டத்திலிருந்து 7 மீட்டர் அளவே உள்ளது. குட்டையான புதர்களும், முட்டையிட வரும் ஆமைகளும், கூட்டங்கூட்டமாக இறங்கும் கடற்பறவைகளும் தவிர அங்கே வேறு செல்வம் கிடையாது. புயற்காலத்தில் காற்றைத் தடுக்க ஒரு குன்றோ, வெயிற்காலத்தில் ஒதுங்க ஒரு மரநிழலோ இல்லாத அந்தத் திட்டின் மீதுதான், 1761 ஜூலை 31-ஆம் தேதி இரவில், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தமான 'லூதில்' என்னும் கப்பல் மோதி உடைந்தது.

அந்த ஆண்டு நமக்கும் அந்நியமானதன்று. ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் ஏழாண்டு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நெடிய முற்றுகைக்குப் பிறகு புதுச்சேரி 1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் வீழ்ந்திருந்தது. இன்று மொரீஷியஸ் என்று வழங்கும் தீவும் அப்போது அதே பிரெஞ்சுக் கம்பெனியின் வசத்தில் இருந்தது. அடுத்தபடியாக ஆங்கிலேயர் தம்மையே முற்றுகையிடக்கூடும் என்று அஞ்சிய அதன் ஆளுநர் தெஃபோர்ஜ்-பூஷே, உணவுக்குப் பங்கு கேட்கும் வாய்கள் பெருகலாகாது என்று எண்ணி, புதிய அடிமைகளைக் கொண்டுவரக் கூடாதெனத் தடைவிதித்திருந்தார். உணவுப் பொருள் கொண்டுவருவதற்காக மடகாஸ்கருக்கு அனுப்பப்பட்ட 'லூதில்' கப்பலின் தலைவர் லா ஃபார்க், அந்த ஆணையை மீறி, ஃபூல்புவாந்த் துறைமுகத்தில் 160 பேரை விலைக்கு வாங்கி, தம் சொந்த ஆதாயத்துக்காகக் கப்பலின் அடித்தட்டில் ஏற்றிக்கொண்டார். அவர்களில் பலர் கடலையே கண்டறியாத உள்நாட்டு மேட்டு நிலத்து ஜனங்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

கப்பலில் இருந்த இரண்டு வரைபடங்கள் அந்த மணல் தீவின் இருப்பிடத்தை வெவ்வேறாகக் காட்டின. எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் இரவிலும் பாய்விரித்துச் சென்ற கப்பல் பவளப் பாறைமேல் ஏறி உடைந்தபோது, கலகம் செய்வார்கள் என்ற அச்சத்தால் அடித்தட்டுக் கதவுகள் மூடப்பட்டிருந்தமையால், அடிமைகளில் பெருந்தொகையினர் வெளியேற வழியின்றி மூழ்கினர். கப்பல் பலகைகள் பிளந்ததால் தப்பிக் கரைசேர்ந்தவர்களுக்கும், கிணறு தோண்டி உவர்ப்பு கலந்த நீர் கண்டெடுக்கப்படும்வரை குடிக்கத் தண்ணீர் வழங்கப்படவில்லை. பலர் தாகத்தினாலேயே மாண்டனர். இவையெல்லாம் அடிமைகளின் புலம்பலாகப் பதிவானவை அல்ல, கப்பலைச் சேர்ந்தவர்களே எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து தெரிய வருபவை என்பதை நாம் மறக்கலாகாது.

தலைவர் மனந்தளர்ந்துவிட, துணைத்தலைவரான காஸ்தெலான் பொறுப்பேற்றார். கப்பலின் சிதைவுகளிலிருந்து ஒரு படகு கட்டும் வேலை தொடங்கிற்று. அந்த வேலையில் மடகாஸ்கர் மக்களும் உழைத்தார்கள். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் படகு முடிந்தது. ஆனால் அதில் எல்லோருக்கும் இடம் இல்லை. செப்டம்பர் 27-ஆம் தேதி 122 பிரெஞ்சுக்காரர்கள் அதில் ஏறிப் புறப்பட்டார்கள். அதைக் கட்டுவதற்குத் தோள்கொடுத்தவர்களில் 60 பேர் மூன்று மாத உணவோடும், மீட்கத் திரும்பி வருவோம் என்ற வாக்குறுதியோடும் மணலில் நிறுத்தப்பட்டார்கள். காஸ்தெலான் அந்த வாக்கைக் காப்பாற்ற உண்மையாகவே பிரயத்தனப்பட்டார். ஆனால், தம் தடையை மீறிக் கொண்டுவரப்பட்டவர்களுக்காக யுத்தகாலத்தில் ஒரு கப்பலை அனுப்ப ஆளுநர் மறுத்துவிட்டார். பின்னர்க் கம்பெனியே கடனில் மூழ்கியது, ஆளுநர்கள் மாறினார்கள், மணல்திட்டில் நின்றவர்கள் கணக்கிலிருந்து மறைந்தார்கள்.

அவ்வழியே சென்ற ஒரு கப்பல் 1773-ல் தீவில் மனிதர்கள் இருப்பதைக் கண்டு தெரிவித்த பிறகே மீட்பு முயற்சிகள் தொடங்கின. 1775-ல் வந்த ஒரு கப்பலால் அலைகளை மீறிக் கரையை அணுக முடியவில்லை. அதிலிருந்து இறங்கிய மாலுமி ஒருவர் தீவிலேயே அகப்பட்டு, பின்பு எஞ்சியிருந்த ஆடவர் மூவரோடும் பெண்கள் மூவரோடும் ஒரு தெப்பத்தில் புறப்பட்டு, கடலில் காணாமற்போனார். இறுதியாக 1776 நவம்பர் 29-ஆம் தேதி, திரோம்லான் என்னும் தலைவரின் கீழ் வந்த 'லா தோஃபின்' கப்பல் தீவை அடைந்தபோது, அங்கே உயிரோடிருந்தவர்கள் ஏழு பெண்களும், எட்டு மாதக் கைக்குழந்தை ஒன்றுமே. பறவை இறகுகளைப் பின்னி நெய்த ஆடையை அவர்கள் உடுத்தியிருந்தார்கள்.

எழுத்து ஆதாரங்கள் நமக்குக் கொடுப்பது இவ்வளவே. கப்பல் எப்படி உடைந்தது என்று அவை சொல்கின்றன. மீட்பு எப்படி நடந்தது என்றும் சொல்கின்றன. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளைப் பற்றி அவை பேசுவதில்லை. பேச வேண்டியவர்களிடம் யாரும் ஊன்றிக் கேட்டு எழுதிவைக்கவில்லை. அந்த மௌனத்தை உடைத்தவர்கள், 2006-க்கும் 2013-க்கும் இடையே நான்கு முறை அத்தீவுக்குச் சென்று அகழாய்வு நடத்திய பிரெஞ்சுத் தொல்லியலாளர் மாக்ஸ் கெரூவும் தொமா ரொமோனும் அவர்களுடைய குழுவினரும் ஆவர். மணலை நீக்க நீக்க, ஒரு சிறு குடியிருப்பு அவர்கள் கண்முன் எழுந்தது. சமையல் நடந்த இடத்தில் பாத்திரங்கள், புழங்கியவர்கள் இப்போதுதான் எழுந்து சென்றார்கள் என்று எண்ணும்படி, வைத்தபடியே இருந்தன.

அந்தப் பொருள்களில் என் மனத்தை மிகவும் ஆட்கொண்டவை செம்புப் பாத்திரங்கள். உடைந்த கப்பலிலிருந்து கிடைத்த அவை, தீயில் ஓயாமல் ஏறி இறங்கித் தேய்ந்து ஓட்டையானபோது, வேறொரு செம்புத் துண்டை அளவாக வெட்டி, ஓட்டையின்மேல் பொருத்தி, சிறு ஆணிகள் அறைந்து, மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். சில பாத்திரங்கள் இவ்வாறு எட்டு முறை வரை ஒட்டுப்போடப்பட்டிருக்கின்றன. கடைத்தெருவில் பட்டறை வைத்திருக்கும் கன்னாருக்கு உலையும் உண்டு, குறடும் சுத்தியலும் உண்டு, தந்தையிடம் கற்ற தொழிலும் உண்டு. இவர்களுக்கோ கப்பல் சிதைவில் பொறுக்கிய துண்டுகளும், தம் விவேகமும், நாளையும் சமைக்க வேண்டியிருக்கும் என்ற உறுதியுமே சாதனங்களாக இருந்தன. செம்புத் தகட்டை அடித்துச் செய்த கரண்டிகளும், ஈயத்தை வடித்துச் செய்த பெரிய தொட்டிகளும் கிடைத்திருக்கின்றன. குப்பைக் குழிகளில் குவிந்து கிடந்த எலும்புகள், கடற்பறவைகளும் ஆமைகளுமே அவர்களுடைய அன்றாட ஆகாரம் என்பதைக் காட்டுகின்றன.

அடுத்தபடியாக அவர்கள் எழுப்பிய சுவர்களைச் சொல்ல வேண்டும். பவளப் பாறைத் துண்டுகளையும் கடற்கரைக் கற்பலகைகளையும் அடுக்கி, மிகத் தடிப்பான சுவர்களைக் கொண்ட தாழ்வான அறைகளை, தீவின் உயர்ந்த வடபகுதியில் ஒன்றையொன்று ஒட்டியவாறு அவர்கள் கட்டியிருக்கிறார்கள். இதில் ஒரு பெரிய மனப்போராட்டம் புதைந்து கிடக்கிறது. மடகாஸ்கரின் மரபில் கல் என்பது இறந்தவர்களுடைய கல்லறைக்கு உரியது. உயிரோடிருப்பவர்களின் வீடு மரத்தாலும் புல்லாலும் மண்ணாலும் ஆவது. மரமில்லாத நாட்டில், புயல் வந்தால் யாவும் பறந்துபோகும் இடத்தில், மூதாதையர் வகுத்த அந்த வரம்பைத் தாண்டி, கல்லுக்குள் குடியேறுவதென்று அவர்கள் முடிவுசெய்தார்கள். வழக்கத்தை மீறிய அந்த முடிவை எத்தனை தர்க்கத்துக்கும் தயக்கத்துக்கும் பிறகு எடுத்திருப்பார்களோ! உயிர்வாழ்வதற்காக ஒரு சமூகம் தன் ஆசாரத்தையே திருத்தி எழுதிய சாசனமாக அந்தச் சுவர்களை நாம் வாசிக்க வேண்டும்.

அங்கே வளையல்களும் கிடைத்தன. செம்பாலான வளையல்கள்! பசியாற்ற உதவாத, குளிரைத் தடுக்காத ஒன்றை, பிறர் கண்டு வியக்க வழியில்லாத இடத்தில், ஒரு பெண் தன் கைக்கு அணிகலனாகச் செய்துகொண்டாள், அல்லது மற்றொருத்திக்குச் செய்துகொடுத்தாள். விலைபேசப்பட்ட சரக்காகத் தம்மை ஏற்றிவந்த உலகத்தின் மதிப்பீட்டை அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரகடனத்தை நான் அறியேன். உண்ணவும் உறங்கவும் மட்டுமே தெரிந்தவர்களாக அவர்களைக் கற்பனை செய்வோருக்கு அந்த வளையல் விடைகூறிவிட்டது.

பொருள்களிலிருந்து இவ்வளவு கருத்துகளைப் பெறுவது மிகையல்லவா, பாத்திரம் பேசாது, நாமே அதன் வாயில் நம் சொற்களை வைக்கிறோம் அல்லவா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபத்தில் ஓரளவு நியாயம் உண்டு. அந்தப் பெண்கள் எதைப் பாடினார்கள், யாரை நினைத்து அழுதார்கள் என்று எந்த உலோகமும் நமக்குச் சொல்லாது. அதைச் சொல்வதாகப் பாவனை செய்வதும் அவர்களுக்கு இழைக்கும் அநீதியே. ஆனால், எழுத்தும் முழு உண்மையைச் சொல்வதில்லை என்பதை ஆட்சேபிப்போர் மறந்துவிடுகிறார்கள். கம்பெனியின் கணக்கர் எழுதிய ஏட்டில் மனிதர்கள் எண்ணிக்கையாகவும் விலையாகவும் வருகிறார்கள். அந்த ஏட்டுக்கும் தன் பக்கச்சார்பு உண்டு. ஒட்டுப்போட்ட பாத்திரமோ யாரையும் நம்பவைப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. அதில் பொய் சொல்லும் நோக்கம் இல்லை. ஆகையால் இரண்டையும் எதிரெதிரே வைத்து, ஒன்றைக்கொண்டு மற்றொன்றைச் சோதிப்பதே சரித்திரகாரனின் கடமை. எழுத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வழங்குவது, வாதியை வெளியே நிறுத்திவிட்டுப் பிரதிவாதியை மட்டும் விசாரித்த வழக்காகிவிடும்.

இன்னொன்றையும் கருத வேண்டும். தனித்தீவில் பிழைத்தவர் பற்றி உலகம் விரும்பிப் படிக்கும் கதை, ஒற்றை மனிதன் தன் சாமர்த்தியத்தால் இயற்கையை வென்ற கதை. அந்தக் கதையின் தலையாய நாயகனான குரூசோ, டீஃபோவின் நாவலில், ஆப்பிரிக்கக் கரைக்கு அடிமைகளை வாங்கப் புறப்பட்ட பிரயாணத்தில்தான் கப்பல் உடைந்து தீவில் ஒதுங்குகிறான் என்பதைப் படிப்போரில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? திரோம்லானில் நிகழ்ந்ததோ, வாங்கப்பட்டவர்களே தீவில் விடப்பட்ட கதை. அங்கே ஒற்றை நாயகன் இல்லை. தீயை அணையாமல் காத்தவர், ஆமையைப் பிடித்தவர், இறகைப் பின்னியவர், செம்பை வளைத்தவர், சுவரை அடுக்கியவர், பிள்ளைபெற்றவளுக்குத் துணையிருந்தவர் என்று பலர் கூடி நடத்திய கூட்டு வாழ்க்கை அது. மனிதன் பிழைப்பது தனிமையின் வீரத்தால் அன்று, ஒருவரையொருவர் தாங்கும் ஒழுங்கினாலேயே என்பதை அந்தத் தீவின் மணல் நிரூபித்திருக்க, பிள்ளைகளுக்குக் குரூசோவை மட்டும் கற்பித்துக்கொண்டிருப்பது அரைகுறைக் கல்வியாகும்.

மீட்கப்பட்டவர்களுக்கு மொரீஷியஸில் விடுதலை அளிக்கப்பட்டது. அதற்குக் கூறப்பட்ட காரணம், அவர்கள் சட்டவிரோதமாக வாங்கப்பட்டவர்கள் என்பதே; மனிதரை விற்பதே அதர்மம் என்று அன்றைய அதிகாரம் சொல்லவில்லை. குழந்தைக்கு ழாக் மொயீஸ் என்று ஞானஸ்நானம் செய்வித்தார்கள். செமியாவு என்ற அதன் தாய்க்கு ஏவாளின் பெயரை இட்டார்கள். அதன் பாட்டிக்கு, மீட்க வந்த கப்பலின் பெயரையே சூட்டினார்கள். பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்சே 1781-ல் அடிமைமுறையைக் கண்டித்து எழுதிய நூலில் இந்தத் துயரத்தை எடுத்துக்காட்டினார். ஆனால், பிரெஞ்சு ஆட்சிப் பிரதேசங்களில் அடிமைமுறை இறுதியாக ஒழிவதற்கு 1848 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தீவுக்கும், ஒருநாள் வந்து மீட்டுச்சென்ற தலைவரின் பெயர் நிலைத்தது. பதினைந்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர்களின் பெயர் எந்த வரைபடத்திலும் ஏறவில்லை.

இன்று அந்தத் தீவு பிரெஞ்சு நிர்வாகத்தில் இருக்கிறது. மொரீஷியஸ் அதற்கு உரிமை கோருகிறது. மீன்வளம், சுற்றுச்சூழல், தொல்லியல் ஆகியவற்றைக் கூட்டாக நிர்வகிப்பதற்கு இரு அரசாங்கங்களும் 2010-ல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் அங்கீகாரம் கிடைக்காததால் அது நடைமுறைக்கு வரவில்லை. தகராறின் மையத்தில் நிற்பது அந்த மணல் அன்று, அதைச் சுற்றிய சுமார் 2,80,000 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பின் செல்வமே. கடலின் மீனுக்கு யார் உரியவர் என்பதை ராஜதந்திரிகள் பேசித் தீர்க்கட்டும். கரையில் புதைந்த பாத்திரத்துக்கு யார் உரியவர் என்ற கேள்விக்கு மட்டும் அவர்கள் காத்திருக்கத் தேவையில்லை. 1954-ல் வானிலை நிலையம் கட்டப்பட்டபோது, அந்த மக்கள் குடியிருந்த மேட்டின் ஒரு பகுதி ஏற்கெனவே கலைந்துவிட்டது. புயல்கள் ஆண்டுதோறும் மணலைப் புரட்டுகின்றன. இவ்வளவு தாழ்ந்த நிலம் உயரும் கடலுக்கு எத்தனை காலம் தாங்கும்? ஆகவே பிரான்சும் மொரீஷியஸும் மடகாஸ்கரும் சேர்ந்து, உரிமைத் தகராறுக்கு அப்பாற்பட்ட ஒரு பொதுப் பொறுப்பாக இந்தச் சின்னங்களின் பாதுகாப்பை ஏற்க வேண்டும். ஒருகாலத்தில் பிரான்சின் தலையாய அடிமை வாணிபத் துறைமுகமாயிருந்த நான்த் நகரில் 2015-ல் இவற்றைக் காட்சிக்கு வைத்தது பாராட்டத்தக்க மனச்சாட்சியின் செயல். அத்தோடு நில்லாமல், அந்த மக்கள் பிறந்த மடகாஸ்கரிலும், விடுதலை பெற்று இறங்கிய மொரீஷியஸிலும் இவை நிரந்தரமாகக் காணக்கிடைக்க வேண்டும். பாத்திரத்தைச் செய்த கைகளின் சந்ததியார் அதைக் காணக் கடல்கடந்து செல்ல வேண்டியிருப்பது முறையன்று.

மொரீஷியஸ் இதற்கு வழிகாட்டியிருக்கிறது. தப்பியோடிய அடிமைகளின் புகலிடமான லெ மோர்ன் மலையும், தமிழர் உட்படப் பல்லாயிரம் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய போர்ட் லூயி நகரின் ஆப்பிரவாசி காட்டும் இன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள். கோட்டையும் கோபுரமும் மட்டுமே காக்கத் தகுந்தவை என்ற பழைய நோக்கு அங்கே மாறியிருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் விரட்டியதால் விற்கப்பட்டு, டச்சுக் கம்பெனியின் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களின் சந்ததியாருக்கும் இந்தப் புதிய நோக்கு உரியது. அவர்களைப் பற்றியும் விற்றவர் எழுதிய ஏடுகளே பெரும்பாலும் நமக்கு மிஞ்சியிருக்கின்றன.

எனவே, எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே சரித்திரத்தின் வாசலைத் திறந்துவைத்திருக்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். பள்ளிப் பாடத்தில் செல்கிர்க்குக்கு ஒரு பக்கம் உண்டென்றால், செமியாவுக்கும் அவளுடைய தோழியருக்கும் ஒரு பக்கம் இருக்கட்டும். அருங்காட்சியகத்தில் அரசனின் வாளுக்கு அளிக்கும் காவலும் விளக்கமும் எட்டு முறை ஒட்டுப்போட்ட பாத்திரத்துக்கும் அளிக்கப்படட்டும். அது இரக்கத்தின் பேரில் வழங்கும் சலுகையாக இருக்கக் கூடாது; சாட்சி சொல்ல வந்தவரின் வாக்குமூலத்தை முறைப்படி பதிவுசெய்யும் நீதியாக இருக்க வேண்டும். கைவிட்டவர்களின் ஏடுகளை இத்தனை காலம் பாதுகாத்து வாசித்த உலகம், கைவிடப்பட்டவர்களின் கைவேலையையும் அதே சிரத்தையோடு வாசிக்கக் கடமைப்பட்டிருக்கிறது.